தகடு மடிக்கும் மெஷின்: கைப்பிடியைத் தூக்குவதற்கு முன்னால் இருக்கிற வேலை

பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம் நாற்பது டப்பாவைக் கெடுத்தேன். டிராயிங்கில் அடிப்பாகம் 300 மி.மீ., இரண்டு பக்கமும் 50 மி.மீ. சுவர். எல்லாம் சேர்ந்தால் 400 என்று கணக்குப் போட்டு, 400க்கு வெட்டி, இரண்டு ஓரத்திலிருந்தும் 50இல் கோடு கீறி மடித்துத் தள்ளினேன். ஒவ்வொரு மடிப்பும் மூலைமட்டத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது, மனசுக்குள் பெருமை வேறு. சாயங்காலம் மூடியைப் போட்டால் ஏறவில்லை. அளந்தால் அடி 304ஐத் தாண்டி நிற்கிறது. முதலாளி திட்டவில்லை, நாற்பதையும் ஸ்கிராப் மூலையில் வரிசையாக அடுக்கி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வாரம் அவை என் கண்முன்னாலேயே கிடந்தன.

மெஷின் மேல் தப்பு இல்லை. அதற்கு 300ம் தெரியாது, 50ம் தெரியாது. தகட்டை ஒரு கோட்டில் இறுக்கிப் பிடிக்கவும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத் தூக்கவும் மட்டும்தான் தெரியும். அளவு சரியாக வருவதும் வராததும் கைப்பிடியைத் தூக்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த முன்வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் பட்டறைகளில் தகட்டை மடக்குகிற எல்லாவற்றையும் 'பெண்டிங் மெஷின்' என்றே சொல்லிவிடுவோம், ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஃபோல்டிங் மெஷின்: தகட்டை மேலும் கீழும் கவ்வி, வெளியே நிற்கிற பாகத்தை முன்னால் இருக்கிற ஒரு பலகை கதவு மாதிரி சுழன்று மேலே தூக்கும். இன்னொன்று பிரஸ் பிரேக்: கீழே வி வடிவப் பள்ளம் உள்ள டை, மேலிருந்து கத்தி மாதிரி ஒரு பஞ்ச் இறங்கித் தகட்டைப் பள்ளத்துக்குள் அழுத்தும், தகட்டின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி மேலே எழும்பும். பெரிய ஷீட்டில் சின்ன ஓரம் மடிக்க ஃபோல்டிங் மெஷின் சௌகரியம், ஏனென்றால் பெரிய பாகம் மேசையில் அசையாமல் படுத்திருக்கும். பெயின்ட் அடித்த கலர் ஷீட், பாலீஷ் போட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் இதெல்லாம் பிரஸ் பிரேக்கில் டைப் பள்ளத்தின் இரண்டு விளிம்பிலும், அதாவது தோளிலும், உரசிக் கோடு விழும், ஃபோல்டிங் மெஷினில் அந்தத் தொல்லை குறைவு. கனமான தகடு என்றால் பேச்சே இல்லை, பிரஸ் பிரேக்தான்.

இங்கே நான் பிடித்துக்கொள்ளப்போவது கையால் இயக்குகிற ஃபோல்டிங் மெஷின், அதிலும் மேல்பாகம் தனித்தனி ஃபிங்கர்களாக, அதாவது தகட்டைக் கவ்வுகிற சின்னச் சின்னத் துண்டுகளாக, கழற்றி மாட்டக்கூடிய டப்பா மடிக்கிற மெஷின். இதில் கை பழகினால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

மெஷினைச் சுற்றி ஒரு தடவை

மெஷின் முன்னால் நின்றால் மூன்று பாகங்கள் தெரியும். தகடு படுக்கிற கீழ் பெட். அதன் மேல் இறங்கிக் கவ்வுகிற மேல் பீம், அதில் வரிசையாக ஃபிங்கர்கள். முன்னால், உங்கள் இடுப்புப் பக்கம், மடக்கும் பலகை. இரண்டு முனையிலும் கைப்பிடி, சில மெஷின்களில் தூக்கச் சுலபமாக இருக்க எதிர்ப்பக்கம் எடைக்கல் தொங்கும். அந்த எடைக்கல் சுழன்று வருகிற பாதையில் யாரும் நிற்கக்கூடாது, முழங்காலில் ஒருமுறை வாங்கியவர்கள் அதற்கப்புறம் மறப்பதில்லை.

ஃபிங்கரின் முன்முனையைப் பாருங்கள், சாய்வாகச் சீவி இருக்கும். அதை மூக்கு என்பேன். மூக்கின் கூர் விளிம்புதான் மடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை முடிவுசெய்கிறது. மடக்கும் பலகை 90 டிகிரிக்கு வந்து நிற்கும்போது அதன் முகத்துக்கும் மூக்குக்கும் நடுவில் தகடு நிற்க இடம் வேண்டும் அல்லவா, அதனால் மூக்கைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு? மெஷினின் தாங்குதிறனுக்கு மிகவும் கீழே இருக்கிற மெல்லிய தகடு என்றால் அதன் கனம் (தடிமன்) அளவுக்கு. தாங்குதிறனுக்குப் பக்கத்தில் வருகிற தகடு என்றால் கனத்தைப் போல இரண்டு மடங்கு வரைக்கும். இதைச் சரிசெய்ய மேல் பீமின் இரண்டு முனையிலும் ஸ்க்ரூ இருக்கும். இரண்டு முனையும் ஒரே அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் அரை மி.மீ. கூடப் போனால் மடிப்பு நெடுக ஒரு முனையில் கூர்மையாகவும் மறுமுனையில் உருண்டையாகவும் வரும்.

கவ்வும் இறுக்கமும் இதே மாதிரிதான். தகட்டை உள்ளே வைத்து லீவரைப் பூட்டும்போது கொஞ்சம் எதிர்ப்போடு 'டக்'கென்று விழ வேண்டும். காலால் உதைத்துப் பூட்ட வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், மேல் பீம் வளையும். லேசாக விழுந்தால் மடக்கும்போது தகடு வழுக்கி வெளியே வரும். கனம் மாறுகிற ஒவ்வொரு முறையும் இதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், இதைத்தான் புது ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்.

தாங்குதிறன் என்றேன். மெஷினில் '1.5 மி.மீ.' என்று பட்டை அடித்திருந்தால் அது சாதாரண இரும்புத் தகட்டுக்கு, முழு நீளத்துக்கு. எஸ்.எஸ். என்றால் 1 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனம் இரண்டு மடங்கானால் வேண்டிய விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 'கொஞ்சம்தானே கூட' என்று 2 மி.மீ. தகட்டை வைத்து இரண்டு பேர் தொங்கி மடக்கினால் அன்றைக்கு மடிந்துவிடும், மடக்கும் பலகை நடுவில் நிரந்தரமாக வளைந்துவிடும், அதற்கப்புறம் அந்த மெஷினில் நேர் மடிப்பு வரவே வராது.

தகட்டை அளப்பது

கடையில் '18 கேஜ் குடுங்க' என்று கேட்டு வாங்கிவந்து கனம் 1.2 மி.மீ. என்று நம்பிவிடாதீர்கள். பொதுவான கணக்கில் 16 கேஜ் ஏறக்குறைய 1.6, 18 என்றால் 1.2, 20 என்றால் 0.9, 22 என்றால் 0.7. ஆனால் கேஜ் எண்ணுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் உண்டு, அதற்கு மேல் மில்லில் வருகிற ஏற்ற இறக்கமும் உண்டு. மைக்ரோமீட்டர் வைத்து மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள், ஓரத்துப் பிசிறில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி. மைக்ரோமீட்டர் இல்லாத இடத்தில் தராசு: 8க்கு 4 அடி இரும்பு ஷீட் 1.2 மி.மீ. சரியாக இருந்தால் 28 கிலோ இருக்கும். 25 கிலோ காட்டினால் உங்களுக்கு வந்தது 1.1கூட இல்லை.

ஷீட்டில் இன்னொன்றும் பாருங்கள். உருட்டுமில்லில் ஓடிவந்த திசை மெல்லிய கோடுகளாகத் தெரியும், அதுதான் கிரெயின். மடிப்புக் கோடு கிரெயினுக்குக் குறுக்கே போனால் நல்லது. இணையாகப் போனால் வெளிமுகத்தில் வெடிப்பு விட வாய்ப்பு அதிகம். மெல்லிய சி.ஆர். (சூடாக்காமல் உருட்டிய இரும்பு) தகட்டில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அலுமினியத்தில் கட்டாயம் கவலைப்படுங்கள்: 5052 என்கிற ரகம் அழகாக மடியும், 6061 டி6 என்கிற ரகத் தகட்டைக் கூர்மையாக மடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

அந்த 4 மி.மீ. எங்கிருந்து வந்தது

தெருமுனையில் திரும்புகிற ஆள் மூலை வரைக்கும் நேராகப் போய்த் திரும்ப மாட்டான், உள்பக்கமாக வளைந்து குறுக்கே போய்விடுவான். தகடும் அப்படித்தான் திரும்புகிறது. நாமோ டிராயிங்கில் மூலைக் கூர் வரைக்கும் நேராக இரண்டு பக்கமும் அளக்கிறோம், அந்தக் கூர் தகட்டில் கிடையாது. அதனால் வெளி அளவுகளின் கூட்டுத்தொகை தட்டையான தகட்டின் நீளத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்கும், வெட்டுவதற்கு முன் அந்தக் கூடுதலைக் கழிக்க வேண்டும். நாற்பது டப்பாவில் நான் கழிக்காமல் விட்டது மடிப்புக்கு 2.2 மி.மீ., இரண்டு மடிப்புக்கு 4.4.

இதற்கு ஃபார்முலா இருக்கிறது, கே ஃபேக்டர் என்று ஒரு எண் வரும், ஆப்பில் போட்டால் விடை சொல்லும். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மெஷின், உங்கள் மூக்கு, இன்றைக்கு வந்த ஷீட் இவற்றுக்கு நம்பகமான விடை ஒரு ஸ்கிராப் துண்டில் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை:

அதே ஷீட்டிலிருந்து 50 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை, நீளம் சரியாக 100.0. வெர்னியரில் அளந்து, பிசிறை அரத்தால் இழுத்துவிட்டு, நடுவில் 50இல் ஸ்கிரைபரால் மெல்லிய கோடு கீறுங்கள். பேனாக் கோடே அரை மி.மீ. அகலம், அதை வைத்துக்கொண்டு அளவு பேச முடியாது. கோட்டை மூக்கின் விளிம்புக்கு நேராக வைத்துக் கவ்வி 90 டிகிரிக்கு மடித்து எடுங்கள். இப்போது எல் வடிவத்தின் இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக அளந்து பாருங்கள். 1.2 சி.ஆர். தகட்டில் எனக்குக் கவ்விய பக்கம் 52.4ம் தூக்கிய பக்கம் 49.8ம் வந்தன. கூட்டினால் 102.2. தகடு 100. ஆக மடிப்புக்குக் கழிக்க வேண்டியது 2.2.

இதே துண்டு இன்னொரு ரகசியத்தையும் சொல்கிறது. மூக்குக்கு வெளியே 50 விட்டிருந்தோம், சுவர் 49.8தான் வந்தது. அப்படியானால் 50 சுவர் வேண்டுமென்றால் மூக்குக் கோட்டை ஓரத்திலிருந்து 50.2இல் கீற வேண்டும். உங்களுக்கு வேறு எண் வரும், வரட்டும். அதை நோட்டில் தேதியோடு, தகட்டின் கனத்தோடு எழுதிவையுங்கள்.

ஒரு தட்டு மடிப்போம்

வெளி அளவு 300க்கு 200, உயரம் 50, தகடு 1.2 சி.ஆர். நான்கு பக்கமும் சுவர்.

நீளவாக்கில் 300 கூட்டல் 50 கூட்டல் 50, அதில் 4.4 கழித்தால் 395.6. அகலவாக்கில் 200 கூட்டல் 100, கழித்தல் 4.4, அதாவது 295.6. இந்த அளவுக்கு ஷியரிங்கில், அதாவது தகடு வெட்டுகிற மெஷினில், வெட்டிக்கொண்டு மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒன்றாக இருந்தால்தான் அடுத்த வேலை. இங்கே கோணல் இருந்தால் கடைசியில் சுவர்கள் ஒன்றையொன்று பார்க்காது.

நான்கு ஓரத்திலிருந்தும் 50.2இல் மூக்குக் கோடு. நான்கு மூலையிலும் சதுரமாக 49.5க்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். ஏன் 49.5? மூக்குக் கோடு 50.2இல் இருந்தாலும் மடிப்பின் நடுக்கோடு ஓரத்திலிருந்து 48.9இல் (50இல் 2.2இன் பாதியைக் கழித்தால்) விழுகிறது, அங்கேயே வெட்டினால் ஒரு சுவரின் ஓரம் அடுத்த சுவரின் உள்முகத்தை முட்டிக்கொண்டு நிற்கும், கடைசி மடிப்பு 90க்கு வராது. அரை மி.மீ. சொச்சம் விட்டால் வெல்டிங் வைக்கவும் சரியாக இருக்கும். வெட்டுகிற சதுரத்தின் உள்மூலையில் முதலிலேயே 3 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டு வெட்டுவது என் பழக்கம், மடிக்கும்போது அந்த இடத்தில் கிழியாது. பிசிறு இருக்கிற பக்கம் மடிப்பின் உள்ளே வருமாறு வையுங்கள். வெளியே வந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்போது மடிப்பு வரிசை. இதைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். முதலில் 300 நீளமுள்ள இரண்டு சுவரையும் மடிக்கிறோம், ஃபிங்கர் முழு வரிசையோடு, தடையே இல்லை. அடுத்து 200 பக்கத்துக்கு வந்தால் ஏற்கெனவே எழுந்து நிற்கிற இரண்டு சுவரும் ஃபிங்கர் வரிசையில் மோதும். இங்கேதான் டப்பா மெஷினின் அருமை. தேவையில்லாத ஃபிங்கர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு சுவருக்கும் நடுவில் நுழைகிற அளவுக்கு மட்டும் விட வேண்டும். உள் அகலம் 200 கழித்தல் 2.4, அதாவது 197.6. கையில் இருக்கிற ஃபிங்கர்களில் 75, 50, 40, 30 என்று சேர்த்தால் 195. பக்கத்துக்கு ஒரு மி.மீ.க்கு மேல் சந்து, போதும். மாட்டியதும் எல்லா மூக்கும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் முன்னால் துருத்தினால் மடிப்பில் அந்த இடம் பல்லிளிக்கும். ஃபிங்கரின் உயரம் சுவரின் உயரத்தைவிடக் கூட இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் வரும். 50 சுவருக்குப் பிரச்சினை வராது, 120 சுவர் கேட்டு யாராவது வந்தால் மெஷினைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

கோணம். தகடு மடிந்து முடிந்ததும் கொஞ்சம் திரும்பி வரும், ஸ்பிரிங் பேக் என்பார்கள். சாதாரண இரும்பு ஒரு டிகிரி சுமாராக, எஸ்.எஸ். இரண்டு மூன்று டிகிரி. அதனால் பலகையை 91, 92 வரைக்கும் கொண்டுபோய் விடுகிறோம். மெஷின் பக்கத்தில் இருக்கிற டிகிரி அட்டை துல்லியமாகச் சொல்லும் என்று நம்பாமல், ஸ்கிராப் துண்டில் பிடித்து ஸ்டாப்பரைப் பூட்டிவிட்டு அப்புறம் ஜாபைத் தொடுங்கள். தூக்கும்போது வெட்டி இழுக்காமல் ஒரே சீராக, இரண்டு பேர் பிடிப்பதாக இருந்தால் ஒரே நேரத்தில். கடைசியில் ஒரு நொடி நிறுத்தி இறக்குங்கள்.

கையுறை போட்டுத் தகட்டைத் தூக்குங்கள், ஷியரில் வெட்டிய விளிம்பு பிளேடுக்குக் குறைந்ததில்லை. மேல் பீம் இறங்கும்போது உங்கள் கைவிரல் மூக்குக்கு வெளியே, நீங்கள் நிற்கிற பக்கம் இருக்க வேண்டும். ஹெல்ப்பர் ஒருவர் லீவரையும் நீங்கள் தகட்டையும் பிடிக்கிறீர்கள் என்றால், 'பூட்டு' என்று நீங்கள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் அவர் தொட வேண்டும். தலையாட்டலெல்லாம் செல்லாது.

ஓரத்தை முழுக்க மடித்து அமுக்க வேண்டுமானால், அதாவது ஹெம் அடிக்க வேண்டுமானால், பலகை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு மடக்கிவிட்டு, தகட்டை வெளியே எடுத்து, அந்தக் கூர்மடிப்பை மேல் பீமுக்குக் கீழே வைத்துப் பூட்டினால் நசுங்கிப் படிந்துவிடும். கவ்வும் இறுக்கத்தை அதற்கு முன் தளர்த்தி வையுங்கள், உள்ளே இப்போது இரண்டு கனம் இருக்கிறது.

பிரஸ் பிரேக்குக்குப் போகும்போது

ஃபோல்டிங் மெஷினில் பழகியவருக்கு அங்கே புதிதாகத் தெரிய வேண்டியது வி டைதான். டையின் வாய் அகலம் தகட்டு கனத்தைப் போல 8 மடங்கு என்று ஆரம்பியுங்கள். 2 மி.மீ. தகட்டுக்கு 16 வாய். மடிப்பின் உள் வளைவு ஆரம் பஞ்சின் முனையைப் பொறுத்ததில்லை, பெரும்பாலும் டையின் வாயைப் பொறுத்தது. இரும்புக்கு வாயில் ஆறில் ஒரு பங்கு, 16க்கு ஏறக்குறைய 2.5 மி.மீ. கழிக்க வேண்டியது அங்கே மடிப்புக்கு 3.7 பக்கம் வரும், அதையும் ஸ்கிராப் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஓரம் டையின் தோளில் உட்கார வேண்டும் என்பதால் 16 வாயில் 11, 12 மி.மீ.க்குக் குறைந்த ஓரத்தை மடிக்க முடியாது, பள்ளத்துக்குள் சரிந்துவிடும்.

விசைக்குச் சின்னக் கணக்கு: கனத்தைக் கனத்தாலேயே பெருக்கி, 65ஆல் பெருக்கி, டை வாயால் வகுத்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை டன் என்று சுமாராக வரும். 2 மி.மீ., 16 வாய் என்றால் 16 டன் சொச்சம். மூன்று மீட்டர் மடிக்க 50 டன். எஸ்.எஸ்.க்கு ஒன்றரை மடங்கு. கூர்மையாக வரட்டும் என்று 12 வாயை எடுத்தால் மீட்டருக்கு 22 டன் ஆகிவிடும், மெஷின் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காற்றில் மடிக்கிற முறையில், அதாவது தகடு டையின் அடியைத் தொடாமல் மடிகிற முறையில், பஞ்ச் இறங்கும் ஆழம்தான் கோணம். 16 வாயில் 0.1 மி.மீ. கூட இறங்கினால் அரை டிகிரிக்கு மேல் மாறிவிடும். நீளமான தகட்டை மடிக்கும்போது முன்பக்கம் வேகமாக மேலே எழும்பும், முகவாய்க்கு நேராகக் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு பெடலை மிதிக்காதீர்கள். பழைய ஃப்ளைவீல் (பறக்கும் சக்கர) மெஷின்கள் பலவற்றில் ஸ்ட்ரோக் ஆரம்பித்தால் நடுவில் நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள், ஹைட்ராலிக்கில் கால் எடுத்தால் நிற்கும்.

பழைய மெஷின் வாங்கப் போனால்

கோயம்புத்தூர் பக்கமும் அம்பத்தூரிலும் பழைய ஃபோல்டிங் மெஷின்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. பெயின்ட் புதிதாக அடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கையோடு அந்த மெஷினின் முழு நீளத்துக்கு ஒரு பட்டையும், பாகைமானியும் எடுத்துப்போங்கள். மடித்து, இரண்டு முனையிலும் நடுவிலும் கோணம் பாருங்கள். நடுவில் விரிந்திருந்தால் மடக்கும் பலகை தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பல மெஷின்களில் பலகைக்கு முன்னால் நீளமாக ஒரு கம்பியும் அதில் நட்டும் இருக்கும், அதை முறுக்கினால் நடுப்பாகம் தூக்கிக் கொடுக்கும். விற்கிறவர் முன்னாலேயே முறுக்கி இன்னொரு பட்டையை மடியுங்கள். ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் விலை பேசலாம். நட்டு முழுக்க ஏறியும் நடுவில் இரண்டு மூன்று டிகிரி விரிந்தே இருந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.